மண்ணெண்ணெயிலிருந்து எரிவாயுவுக்கு: குமரிக் கரையின் மோட்டார் பட்டறைகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், முட்டத்திலிருந்து குளச்சல், இனயம் என நீளும் மீனவ ஊர்களில், சிறு படகுத் தொழில் பெரும்பாலும் வெளிப்பொருத்து மோட்டாரை நம்பியே நடக்கிறது. எஞ்சினும் தண்டும் விசிறியும் ஒரே உடலாக அமைந்து, படகின் பின்பலகையைத் திருகுகளால் கவ்விக்கொண்டு நிற்பதும், கரை சேர்ந்ததும் கழற்றித் தோளில் சுமந்து செல்லத்தக்கதுமான இயந்திரமே இவ்வாறு அழைக்கப்படுகிறது. 1980களில் இக்கரையில் மோட்டார் பரவிய காலம், முட்டத்துப் படகு கட்டும் மையமும் அதனோடு இணைந்து உழைத்த பெல்ஜிய நாட்டவரான பியர் ஜில்லே போன்றோரும் ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்கி, அலையடிக்கும் கரையில் ஏற்றி இறக்கத்தக்க படகு எது என்ற கேள்விக்கு விடை தேடிய காலமாகவும் இருந்தது. அன்று மோட்டாரோடு வந்து சேர்ந்த எரிபொருள் மண்ணெண்ணெய். அதன் இடத்தில் எரிவாயுவை வைக்கலாமா என்பதே இன்றைய கேள்வி.

இக்கேள்விக்கான விடை எரிபொருளின் குணத்தைவிட, மோட்டாரைப் பழுது பார்க்கும் கைகளையே அதிகம் சார்ந்திருக்கிறது என்பது, கரையோரப் பட்டறை ஒன்றில் சற்று நேரம் நின்று பார்ப்பவருக்குத் தெளிவாகும். அங்கே தண்ணீர் நிரப்பிய பீப்பாயின் விளிம்பில் மோட்டார் பொருத்தப்பட்டு, முதலில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்யப்படுகிறது. எஞ்சின் சூடேறிய பிறகே குழாய் மண்ணெண்ணெய்க்குத் திருப்பப்படுகிறது. நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி, கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்காதபடி சிறிது நேரம் ஓடவிடப்படுகிறது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாத எண்ணெய் ஆதலால், குளிர்ந்த எஞ்சினில் அது தீப்பிடிக்க மறுக்கிறது என்பதே இதன் காரணம். கழற்றிய பிளக்கைப் பழுது பார்ப்பவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது, அதன் முனையில் ஈரம் காயாத கரி படிந்திருப்பதைக் காணலாம். அக்கரியின் நிறத்தையும் ஈரத்தையும் கொண்டே, எண்ணெய்க் கலவை கூடியிருக்கிறதா, மண்ணெண்ணெயில் கலப்படமா, பிஸ்டன் வளையம் தேய்ந்ததா என்பதை அவர் சொல்லிவிடுகிறார். நூல்களில் இல்லாத இந்த அறிவுதான் இக்கரையின் மோட்டார்களைப் பல ஆண்டுகள் ஓட வைக்கிறது.

இம்மோட்டார்களில் பெரும்பாலானவை இரு வீச்சு எஞ்சின்கள், அதாவது தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை எரிதல் நிகழ்பவை. எடை குறைவு, உறுப்புகள் குறைவு, பழுது பார்ப்பது எளிது என்பவை இவற்றின் வலிமை. புகை வெளியேறும் வாயும் புதுக் கலவை நுழையும் வாயும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், எரிபொருளில் கால் பங்கு வரைகூட எரியாமல் அப்படியே வெளியேறிவிடுவது இவற்றின் பெரும் குறை. வெளியேறும் வழி நீருக்குள் அமைந்திருப்பதால் அந்த இழப்பு கடல்மேல் எண்ணெய்ப் படலமாக மிதக்கிறது. மீன் வாழும் நீரிலேயே மீனவரின் காசு இவ்வாறு கரைவது வருந்தத்தக்கது.

எல்பிஜி எனப்படும் திரவ எரிவாயு, புரோப்பேனும் பியூட்டேனும் அழுத்தத்தில் திரவமாக்கப்பட்ட கலவை. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பது. பியூட்டேனோ சுழியத்தை ஒட்டிய வெப்பத்தில் கொதிப்பது. அமெரிக்காவில் லேர் என்ற நிறுவனம் 2012 அளவில் சந்தைக்குக் கொண்டுவந்த 2.5, 5 குதிரைத்திறன் மோட்டார்கள் பெரும்பகுதி புரோப்பேனே கொண்ட வாயுவில் ஓடுபவை; முகாம் அடுப்புக்கு விற்கப்படும் சிறு குப்பியைத் திருகிப் பொருத்தினாலே அவை இயங்கும். பொழுதுபோக்குப் படகுகளுக்கான அந்த ஏற்பாடு அப்படியே இக்கரைக்குப் பொருந்தாது. அதைவிட நெருக்கமான முன்மாதிரி இந்தோனேசியாவில் உள்ளது. 2015ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையை அடியொற்றி, அந்நாட்டரசு சிறு மீனவர்களுக்கு எஞ்சினையும், பெட்ரோலிலிருந்து எரிவாயுவுக்கு மாற்றும் கருவியையும், சிலிண்டரையும் ஒரே தொகுப்பாக வழங்கி வந்தது. அங்கே மாற்றப்பட்டவை நான்கு வீச்சுப் பெட்ரோல் எஞ்சின்கள் என்பதையும், அவற்றின் மசகெண்ணெய் எஞ்சினின் அடித்தொட்டியில் தனியே இருப்பது என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

குமரிக் கரையின் இரு வீச்சு மோட்டாரில் மசகெண்ணெய் மண்ணெண்ணெயில் கரைந்தே உள்ளே போகிறது. எரிபொருளை வாயுவாக மாற்றிய கணமே எண்ணெய் போகும் வழி அடைபடுகிறது. தனியே எண்ணெய் செலுத்தும் பம்பு இல்லாமல் ஓட்டினால், பிஸ்டன் இறுகிப்போவதற்கு அதிக நேரம் ஆகாது. மேலும், இரு வீச்சு எஞ்சினில் மண்ணெண்ணெய் தப்பிச் சென்ற அதே வழியில் வாயுவும் தப்பிச் செல்லும். கடல்மேல் படலம் நிற்குமே தவிர இழப்பு நிற்காது. ஆகவே எரிவாயுவின் பயன் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், கருவியை மட்டும் மாற்றாமல் எஞ்சினையே நான்கு வீச்சுக்கு மாற்றுவதே முறை. அவ்வெஞ்சின் கூடுதல் எடையுடையது. அலைக்குள் இறங்கி மோட்டாரைத் தூக்கி வருவோரின் தோளுக்கு அந்த எடை சிறிய செய்தியன்று.

எரிபொருள் கணக்கு எரிவாயுவுக்குச் சாதகமானதே. ஒரு கிலோ எல்பிஜியின் எரியாற்றல் ஏறத்தாழ 46 மெகாஜூல்; ஒரு லிட்டர் மண்ணெண்ணெயின் ஆற்றல் ஏறத்தாழ 35 மெகாஜூல்; எனவே 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஒன்று, ஆற்றலளவில் 25 லிட்டர் மண்ணெண்ணெய்க்கு ஈடாகிறது. ஆனால் இரும்புச் சிலிண்டரின் எடை உள்ளிருக்கும் வாயுவின் எடையோடு ஏறக்குறைய சமமானது, அது காலியான பின்னும் குறையாதது, உப்புக் காற்றில் துருப்பிடிப்பது. இந்தியன் ஆயில் 2021இல் அறிமுகப்படுத்திய நாரிழைக் கலவைச் சிலிண்டர்கள் துருப்பிடிக்காதவை, எடை குறைந்தவை, வெளிச்சத்தில் உள்ளிருக்கும் திரவத்தின் மட்டத்தைக் காட்டுபவை. வீட்டுச் சமையலை எண்ணிச் செய்யப்பட்ட இவ்வமைப்பு படகுக்கே அதிகம் தேவைப்படுவது. மண்ணெண்ணெய்க் கேனை அசைத்துப் பார்த்தே கரை சேர முடியுமா என்று அறியும் மீனவருக்கு, இரும்புச் சிலிண்டர் எதையும் சொல்வதில்லை. அழுத்தமானியும் உதவாது, உள்ளே ஒரு துளித் திரவம் இருக்கும்வரை அழுத்தம் வெப்பநிலையைச் சார்ந்ததே தவிர அளவைச் சார்ந்ததன்று.

ஆபத்தைப் பொறுத்தவரை, எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலெழாமல் தாழ்ந்த இடம் தேடித் தங்குவது. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளத்தக்கது. மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரத்தில் வாயு தங்கப் பள்ளமே இல்லை. இடுக்குகள் வழியே கடலுக்கு வழிந்துவிடும். ஃபைபர் படகின் வயிறோ, தட்டுப்பலகைக்குக் கீழே, வாயு தங்குவதற்கு ஏற்ற தொட்டி. ஆகவே சிலிண்டர் வைக்கும் பெட்டி, அடியில் படகுக்கு வெளியே திறக்கும் துளையோடு, தட்டுக்கு மேலே அமைய வேண்டும். மீன் வாடையும் புகையும் நிறைந்த படகில், கசிவைக் காட்டுவதற்காகச் சேர்க்கப்படும் வாசனைப் பொருளை மட்டும் நம்புவது போதாது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்க்கும் சோதனையைப் படகு இறக்கும் ஒவ்வொரு முறையும் செய்வது கடினமன்று. யாரேனும் கற்றுக்கொடுத்தால் போதும்.

பட்டறைக்காரரின் அறிவு மிகவும் தேவைப்படும் இடம் மற்றொன்று. கரையலையில் படகு கவிழ்ந்து மோட்டார் மூழ்குவது இக்கரையில் வழக்கமான நிகழ்வு. மூழ்கிய மோட்டாரை நன்னீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, நீரை வெளியேற்றி, எண்ணெய் ஊற்றிச் சுழற்றி, சில மணி நேரத்துக்குள் மீட்பது இங்கே பலருக்கும் கைவந்த கலை. எரிவாயுக் கருவியில் அழுத்தத்தைக் குறைக்கும் சீராக்கி என்ற உறுப்பு உண்டு. அதன் ரப்பர்த் தகட்டின் ஒரு பக்கம் சிறு துளைவழியே வெளிக்காற்றோடு தொடர்புடையது. மோட்டார் மூழ்கும்போது அத்துளைவழி புகும் உப்புநீர் உள்ளே உலர்ந்து, தகட்டை ஒட்டச் செய்யும். அதைத் திறந்து துடைத்துத் தகடு மாற்றும் பயிற்சியும் உதிரிப் பாகமும் கரையிலேயே இல்லையெனில், எத்தகைய நல்ல கருவியும் முதல் மழைக்காலத்தோடு பரணுக்கு ஏறிவிடும்.

அண்டையிலுள்ள கேரளக் கரையில் எல்பிஜி மோட்டாருக்கான சோதனை ஓட்டங்கள் நடத்தப்பட்டுள்ளன. பொது விநியோக மண்ணெண்ணெய் ஒதுக்கீட்டை மத்திய அரசு ஆண்டுதோறும் குறைத்து வந்ததே இதற்கான உடனடித் தூண்டுதல். எனினும் மானிய மண்ணெண்ணெய் மோட்டார் வைத்திருப்போருக்கான உரிமையாகவே வழங்கப்படுகிறது. வீட்டுச் சிலிண்டரை மோட்டாருக்குப் பயன்படுத்துவதற்குச் சட்டம் இடந்தருவதில்லை. எனவே எரிவாயுவுக்கு மாறும் மீனவர் மானியத்தை விட்டு, வணிக விலையில் வாயு வாங்க நேரும். மானியம் எரிபொருளின் பெயரில் இல்லாமல் படகின் பெயரில் வழங்கப்பட்டு, சிலிண்டர் மாற்றும் கிடங்கு படகு இறங்கும் துறையிலேயே அமைந்தால் மட்டுமே, இம்மாற்றத்தை நாடும்படி அவரைக் கேட்பது நியாயமாகும்.