ஓடும் பாலிசியும்

உங்கள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா? 'அதெல்லாம் பணக்காரங்களுக்கு சார்' என்று அவசரப்படாதீர்கள். வீட்டுக் கடன் வாங்கியிருந்தால் அநேகமாக இருக்கும். பாங்க்கில் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டீர்களே, அதில் ஒன்று அதற்குத்தான். பீரோவில் தேடிப் பாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

எங்கள் பாலிசிக்கு வேலை வைத்தது வர்தா. 2016 டிசம்பர் 12. ஜெயலலிதா மறைந்து ஒரு வாரம். ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போய் ஒரு மாதம் சொச்சம். மத்தியானம் சென்னையில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில், பக்கத்து மனையின் தூங்குமூஞ்சி மரம் எங்கள் மாடி அறை மேல் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது. மங்களூர் ஓடு வேய்ந்த அறை. அப்பாவுடையது. சாப்பிடக் கீழே வந்திருந்ததால் தப்பித்தார்.

கரண்ட் இல்லை, போன் இல்லை. மூன்றாம் நாள் லைன் கிடைத்து கம்பெனியைக் கூப்பிட்டால், "சர்வேயர் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க சார்" என்றது ஒரு குரல். மறுபடி மழை வந்தால்? அதற்குக் குரலிடம் பதில் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: மேற்கொண்டு சேதம் ஆகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிப்படியே உங்கள் கடமை. முதலில் போட்டோ. நாலு பக்கமும், உள்ளிருந்து வானம் தெரிகிற மாதிரியும். பிறகு தார்ப்பாய். தார்ப்பாய் பில்லைத் தொலைக்காதீர்கள். உடைந்த ஓடுகளையும் எறியாதீர்கள், அவைதான் சாட்சி.

எதிர் வீட்டுக்காரர் நல்ல மனிதர். "மாமா, மேல ஒரு டி.வி. இருந்துச்சுன்னு சேர்த்துப் போடுங்க. எப்படியும் பாதியா வெட்டுவான்" என்றார். அப்பா கருவூலத்தில் 34 வருஷம் அடுத்தவர் பில்லைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். "டி.வி. சத்தம் ஆகலைன்னுதானே நான் மேலயே இருக்கேன்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அன்று ராத்திரி ஹாலில், டி.வி.க்கு எதிரே பாய் விரித்து அவர் புரண்டுகொண்டிருந்ததைப் பார்த்தபோது, எதிர் வீட்டு யோசனை எனக்கு அவ்வளவு தப்பாகத் தோன்றவில்லை.

சர்வேயர் ஒன்பதாம் நாள் வந்தார். ஊர் முழுக்கக் கூரை பறந்திருந்தது, பாவம் அவரும்தான் என்ன செய்வார். ஏணியில் ஏறி, ஒரு ரீப்பரை விரலால் சுரண்டினார். "ஏற்கெனவே உளுத்த மரம் சார். இது தேய்மானம். புயல் கணக்குல வராது."

இந்த இடத்தில்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். அப்பா உள்ளே போய் ஒரு ஆல்பத்தை எடுத்து வந்தார். 2014-ல் மொட்டை மாடியில் நடந்த என் பெண்ணின் பிறந்த நாள். எல்லோருடைய தலைக்கு மேலும் கூரை, ஒரு ஓடு விலகாமல், நூல் பிடித்தாற்போல. சர்வேயர் ரொம்ப நேரம் பார்த்தார். "இதை ஒரு காப்பி குடுங்க ஐயா" என்றார்.

மேஸ்திரியின் எஸ்டிமேட் 92,000. பழைய மரம், பழைய ஓடு என்று கழித்து நஷ்டத்தை 68,000 என்று நிர்ணயித்தார்கள். அது கைக்கு வந்ததா என்றால், இல்லை. ஆவரேஜ் என்று ஒரு ஷரத்து இருக்கிறது. எங்கள் வீட்டைத் திரும்பக் கட்ட, சதுர அடி 1,600 வீதம் 1,000 சதுர அடிக்கு 16 லட்சம் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. பாலிசியோ 10 லட்சத்துக்கு. ஏன் பத்து? கடன் பத்து. பாங்க் தன் பணத்துக்குத்தான் காவல் போட்டது, வீட்டுக்கு அல்ல. ஆகவே மிச்ச 6 லட்சத்துக்கு, பாலிசியின் பாஷையில், எங்களுக்கு நாங்களே இன்சூரன்ஸ் கம்பெனி! பதினாறில் பத்து பங்கு: 42,500.

இந்த விகித வெட்டு இப்போது பெரும்பாலும் கிடையாது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்கிற ஒரே மாதிரி வீட்டு பாலிசியைத் தரவேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. அதில் தொகை குறைவாக இருந்தாலும், அந்தத் தொகைக்குள் அடங்கும் நஷ்டத்தை விகிதம் போட்டு வெட்டக் கூடாது. கட்டடப் பரப்பை மட்டும் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும். உங்களுடையது அதுதானா என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கும். மனையின் விலையை இதில் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். புயல் மனையைத் தூக்கிப் போவதில்லை.

கம்பெனி கையை விரித்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நாங்கள் போகவில்லை. "ஷரத்து ஷரத்துதான்" என்றுவிட்டார் அப்பா. பில் பாஸ் பண்ணிய கை.

அத்தை கொடுத்த கைமாற்றில் கூரை வேய்ந்து, பொங்கலுக்குப் பிறகு அவர் மாடிக்குத் திரும்பினார். செக் ஏப்ரலில் வந்தது. 42,925 ரூபாய். அதென்ன உபரி 425 என்று பார்த்தால், இடிபாடு அகற்றும் செலவுக்காக க்ளெய்மில் ஒரு சதவிகிதம். அப்பா அதைத் தனி வரியாக நோட்டில் எழுதினார். மேல் வரியில், மரத்தை வெட்டி எடுத்துப் போனவருக்குக் கொடுத்தது: 7,000. ரெண்டாயிரம் ரூபாய் நோட்டு வேண்டாம் என்று சொல்லி, முழுக்க நூறு ரூபாயாக வாங்கிப் போனார்.