பிந்தி வந்த மாணாக்கர்

நாற்பதை அணுகும் வயதில், மாணவர் என்னும் பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டவர்கள் நாங்கள். எண்ணிக்கையில் நால்வர். திருகோணமலைத் துறைமுகத்தில் பாரவூர்திகளின் நிறையைக் குறித்துக்கொள்ளும் எழுதுவினைஞர் ஒருவர். திருக்கடலூரில் மீனவக் குடும்பத்திற் பிறந்து வீடுகளுக்கு மின்கம்பி பொருத்திப் பிழைப்பவர் ஒருவர். கிண்ணியாவைச் சேர்ந்த மேசன் ஒருவர். சம்பூரிலே முன்பள்ளி ஆசிரியையாக இருப்பவர் ஒருவர். பகலில் எங்கள் தொழில் வேறு வேறு. இரவில் பாடநூல் ஒன்று. தொலைக்கல்வி வழியாகச் சமூக விஞ்ஞானங்களைப் பயில்கிறோம். எங்கள் பெருமையைப் பறைசாற்றுவதற்காக இதனை எழுதப் புகவில்லை. எங்களைப் போன்றோர் இம்மாவட்டத்தில் ஏராளமாக உள்ளனர். அவர்களுக்கு நேர்ந்திருக்கும் அநீதியோ அநீதி என்று பேசப்படுவதே அரிதாயிருக்கிறது. அதனாலேயே எழுதுகிறோம்.

“இந்த வயதிலும் படிக்கிறீர்களே!” என்று வியப்போர் உளர். அவர்கள் நல்ல மனத்துடனேயே சொல்கிறார்கள். ஆயினும் அவ்வியப்பின் அடியில் ஒரு கருத்து மறைந்து கிடக்கிறது. படிக்கவேண்டிய வயதிலே நாங்கள் வேறெதையோ செய்து காலத்தைக் கழித்துவிட்டோம் என்பதே அது. அந்த வயதிலே என்ன நடந்தது என்பதைச் சற்றே பார்ப்போம்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது எங்கள் மின்வேலை நண்பர் உயர்தர வகுப்பு மாணவர். கடல் கொண்டுபோனவற்றுள் தோணியும் வலையும் மட்டுமல்ல, அவருடைய பாடக் குறிப்புகளும் இருந்தன. தோணிக்கு நிவாரணம் கிடைத்தது. குறிப்புகளுக்கு நிவாரணம் வழங்கும் நிறுவனம் எதுவும் உலகில் இல்லை. வீட்டிலே அடுப்பெரிய வேண்டியிருந்தது. அவர் கம்பியும் குறடும் எடுத்தார்.

கிண்ணியா நண்பரின் கதை வேறு. எங்கள் கிழக்கிலே நீர்நிலைகளைக் கடக்க உதவும் மிதவையைப் ‘பாதை’ என்போம். அவர் நகரத்து வகுப்புகளுக்கு அந்தப் பாதையில் வந்து போனவர். போர்க்காலத்திலே நீருக்கு மாத்திரமன்றி நிலைமைக்கும் ஏற்பவே பயணம் அமைந்தது. மாலை வகுப்பு முடியும்வரை இருந்தால் வீடு திரும்புதல் நிச்சயமில்லை. வீடு திரும்ப எண்ணினால் பாதி வகுப்பு இல்லை. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அப்போது அவர் கத்தாரிலே பிறருடைய மாடிகளுக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆசிரியை 2006இல் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தவர். அவ்வாண்டுப் போரிலே சம்பூர் மக்கள் ஊரோடு பெயர்ந்தார்கள். வாகரை, பின்னர் மட்டக்களப்பு முகாம்கள் என அவருடைய குடும்பம் அலைந்தது. அம்மக்கள் தங்கள் காணிகளுக்கு மீளத் தொடங்கியது 2015ஆம் ஆண்டிலேதான். ஒரு பிள்ளை பிறந்து மூன்றாம் வகுப்பைக் கடக்கும் காலம் அது.

எழுதுவினைஞரோ குண்டையும் கடலையும் காரணங் காட்ட இயலாதவர். தந்தை நோயுற்றார், இவர் மூத்த பிள்ளை, துறைமுகத்தில் வேலை கிடைத்தது, போனார். அவ்வளவுதான். போருக்கும் பேரலைக்கும் நினைவு நாள் உண்டு. வறுமைக்கு அப்படி ஒரு நாளில்லை. ஆனால் அது கலைத்த வகுப்பறைகள் குறைந்தவையல்ல.

திரும்பி வரவே இயலாதவர்களையும் இங்கு நினைக்க வேண்டும். 2006 சனவரி 2ஆம் நாள் இந்நகரக் கடற்கரையிலே ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பல்கலைக்கழக வாயிலை நோக்கி நின்ற வயதினர். குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் பிரிவினர் 2019இல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். அவர்கள் உயிரோடிருந்தால் இன்று எங்கள் வயதினராக இருப்பார்கள். அதனை எண்ணும்போது, பிந்தியேனும் வர முடிந்ததைப் பாக்கியம் என்று சொல்லவும் நாக் கூசுகிறது.

இனி நாட்டின் ஒழுங்கைப் பார்ப்போம். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை ஏழைப் பிள்ளைக்கும் வழி திறந்தது. இலங்கையின் உழைக்கும் மக்கள் பெற்ற பேறுகளுள் இது தலையாயது. எங்கள் நால்வரின் பெற்றோரும் எழுத்தறிந்தது இதனாலேயே. அதன் பின்னர், எல்லா மாவட்டங்களிலும் பள்ளிகள் ஒரே தரத்தில் இல்லை என்பதையும் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களின் மக்கட்தொகைக்கும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியன. திருகோணமலை அப்பதினாறனுள் ஒன்று.

அதாவது, பிறந்த இடத்தினால் ஒரு பிள்ளைக்கு நேரும் இழப்பை அரசு அளந்து பார்க்கிறது, ஈடுசெய்யவும் முயல்கிறது. ஆனால் காலத்தினால் நேரும் இழப்பை அது அளப்பதில்லை. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சையில் மூன்று முறைதான் கணக்கில் எடுக்கப்படும். ஓராண்டின் பெறுபேறு அவ்வாண்டின் அனுமதிக்கே செல்லும். நகரிலிருந்து சில மைல் தொலைவில், நிலாவெளியை அடுத்த கோணேசபுரியிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அதன் வழியே வேலைக்குப் போய் வருகிறோம். முகாமிலே கழிந்த ஆண்டும் பாதை ஓடாத ஆண்டும் சாதாரண ஆண்டுகளாகவே எண்ணப்பட்டமையால், அதன் உள்வாரி மாணவராகும் வழி எங்களுக்கு எப்போதோ அடைபட்டுவிட்டது.

வேறு வாயில் இல்லையா எனலாம். உண்டு, நன்றியோடு சொல்கிறோம். பிரித்தானியாவில் 1969இல் திறந்த பல்கலைக்கழகம் பட்டயம் பெற்றது. இலங்கையில் 1980இல் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. உயர்தரத்தில் சித்தியடையாதவரும் அடிப்படைப் பாடநெறி வழியாகப் படியேறலாம் என்ற கொள்கை மகத்தானது. ஏனைய பல்கலைக்கழகங்களும் வெளிவாரிப் பட்டங்களை நடத்துகின்றன. ஆனால் இவ்வாயில்கள் கட்டண வாயில்கள். பத்தொன்பது வயதில் உள்ளே போனவருக்கு அரச செலவிலே கிடைக்கும் பட்டத்தை, இடம்பெயர்ந்து முப்பத்தைந்தில் வந்தவர் தம் கூலியிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. இலவசக் கல்வியின் எல்லைக்கோடு, அதனை மிகுதியும் இழந்தவனுடைய காலடிக்கு முன்னாலே வந்து நின்றுவிடுகிறது. இந்த முரண்பாட்டையே வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

வகுப்பறையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். எங்கள் விரிவுரையாளர் ஒருவர் எங்களிலும் பத்து வயது இளையவர். ஆசிரியையை அவர் “அக்கா” என்று அழைப்பார்; அக்காவோ எழுந்து நின்று “சேர்” என்பார். இருவருக்கும் கூச்சம். அக்கூச்சம் தீர்ந்தது பொருளியல் பாடத்திலே. கேள்வியும் நிரம்பலும் என்ற அத்தியாயத்தை நாங்கள் படித்த ஆண்டு 2022. பிரித்தானியர் விட்டுப்போன 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் சீனக்குடாவை அருகிலே வைத்துக்கொண்டு, எரிபொருளுக்கு இரவு பகலாக வரிசையில் நின்ற ஆண்டு. விரிவுரையாளர் வளைகோட்டை வரைந்தார். வரிசை எங்கே தொடங்கியது, எவன் இடையிலே புகுந்தான், கறுப்புச் சந்தையில் போத்தல் என்ன விலை போனது என்பவற்றை நாங்கள் சொன்னோம். “இன்றைக்கு நான்தான் மாணவன்” என்றார் அவர்.

அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. அந்தச் சதவீதத்தின் பொருளை எங்களுக்குப் பாடநூல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்பள்ளி ஆசிரியையின் சிறு கொடுப்பனவு அரிசிக்கும் பருப்புக்குமே போதாதாயிற்று. ஒப்படைகளை ஒழுங்காக எழுதியவர் அவர். எங்களுள் மிகக் கூர்மையானவரும் அவரே. “பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கவா, எனக்குக் கட்டணம் கட்டவா தம்பி?” என்று எழுதுவினைஞரிடம் கேட்டார். அடுத்த அமர்வுக்கு அவர் வரவில்லை. ஒரு மாணவி படிப்பை இடைநிறுத்தினார் என்று பதிவேடு சொல்லும். அவருக்கு அது இரண்டாம் இடப்பெயர்வு.

ருஷ்ய எழுத்தாளர் கோர்க்கியை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. 1884இல், பதினாறு வயதில், பல்கலைக்கழகத்திற் சேரும் கனவோடு கசான் நகருக்கு வந்தவர் அவர். இடம் கிடைக்கவில்லை, வொல்கா நதித் துறையிலே மூட்டை சுமந்தார், ரொட்டிச் சாலையிலே மாப் பிசைந்தார். அந்நாட்களைப் பற்றி 1923இல் அவர் வெளியிட்ட நூலுக்கு ‘எனது பல்கலைக்கழகங்கள்’ என்று பெயரிட்டார். இதனைக் காட்டி, வாழ்க்கையே பல்கலைக்கழகம், உழைப்பாளிக்குப் பட்டம் எதற்கு என்று சிலர் பேசுவதுண்டு. அவர்கள் பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களாகவே இருக்கிறார்கள்! கோர்க்கி தலைப்பிலே வைத்தது பெருமிதம் மட்டுமன்று, கசப்புமாகும் என்று நாங்கள் கருதுகிறோம். துறைமுகத்திலே நிற்பவனுக்குக் கோதுமை மூட்டையின் பாரம் தெரியும். அதன் விலை எங்கே, யாரால், எதற்காகத் தீர்மானிக்கப்படுகிறது என்பது பாரத்தைச் சுமப்பதால் மாத்திரம் தெரிந்துவிடாது. அனுபவம் கேள்வியை எழுப்பும். அக்கேள்வியை ஒழுங்காகத் தொடுக்கக் கல்வி வேண்டும். அக்கல்வியை உழைப்பவனுக்கு மறுத்துவிட்டு அவனுடைய அனுபவத்தைப் புகழ்வது எளிது, செலவும் இல்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இரக்கமன்று. மாவட்டத்தின் பின்னடைவைக் கணக்கிட்ட அதே நியாயத்தைக் காலத்தின் பின்னடைவுக்கும் விரித்தல் வேண்டும். போரினாலும் பேரழிவினாலும் வறுமையினாலும் பள்ளி குலைந்தவருக்கு முதற் பட்டம் எந்த வயதிலும் இலவசமாக வேண்டும். வேலை முடிந்து வருவோர் இருந்து படிப்பதற்கு இரவிலும் திறந்திருக்கும் நூலகங்கள் வேண்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் ஈச்சிலம்பற்றிலும் உள்ளவர் ஒரு விரிவுரைக்காக ஒருநாட் கூலியை இழக்காத ஏற்பாடு வேண்டும். கட்டிடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மாலையானதும் எத்தனை பாடசாலைகள் பூட்டிக் கிடக்கின்றன!

நாங்கள் மூவரும் தொடர்ந்து படித்து வருகிறோம். விரிவுரைக் குறிப்புகளை இரண்டு பிரதிகளாக எழுதுகிறோம். மேசன் நண்பர் வாரந்தோறும் ஒன்றைப் பாலத்தைக் கடந்து கொண்டுபோய், சம்பூருக்குச் செல்லும் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறார். அக்காவிடமிருந்து கேள்விகள் எழுதப்பட்ட தாள்கள் திரும்பி வருகின்றன. சென்ற வாரத்துத் தாளில் ஏழு கேள்விகள் இருந்தன. அவற்றுள் இரண்டுக்கு எங்களிடம் இன்னும் விடையில்லை.