பலகையில் ஒரு வரி

மவுண்டன் வியூ, கலிஃபோர்னியா. கணினி வரலாற்று அருங்காட்சியகம். ஐபிஎம் 1401 ஓடும் அறை. 1959-ல் அறிவித்த கணினி. இங்கே இரண்டு இருக்கின்றன. இரண்டுக்கும் இன்னும் உயிர் இருக்கிறது.

மேசையைச் சுற்றி ஆறு நாற்காலிகள். ஐந்தில் நரைத்த தலைகள். வெள்ளைப் பலகையில் ஒரே வரி: 1401-ன் 1403 பிரின்டர், அச்சுச் சங்கிலி. மேசை நடுவில் ஒலிப்பதிவுக் கருவி. சிவப்பு விளக்கு எரிகிறது.

சட்டைப் பையில் மூன்று பேனா செருகியவர் தொடங்குகிறார். சங்கிலியில் 240 எழுத்துகள். 48 எழுத்து கொண்ட வரிசை, ஐந்து முறை. சங்கிலி தாளுக்குக் குறுக்கே ஓடிக்கொண்டே இருக்கும். தாளுக்குப் பின்னால் 132 சுத்தியல்கள். வேண்டிய எழுத்து எதிரே வரும்போது சுத்தியல் தாளை அடிக்கும். நிமிடத்துக்கு 600 வரி.

அவர் விரல் மேசையைத் தட்டிக் காட்டுகிறது.

எதிரே இருப்பவர் தன் வீட்டு பிரின்டரின் மை விலையைச் சொல்கிறார். அடுத்தவர் மின் கட்டணத்துக்குப் போகிறார். அங்கிருந்து வீட்டு வரி. அங்கிருந்து தேர்தல். இரண்டு குரல்கள் உயர்கின்றன. ஒரு நாற்காலி பின்னால் நகர்கிறது.

குறிப்பெடுக்கும் இளம்பெண் பேனாவை மூடுகிறாள். எழுந்து பலகைக்குப் போகிறாள். அந்த வரியின் கீழ் ஒரு கோடு போடுகிறாள். அங்கே ஏற்கெனவே இரண்டு கோடுகள்.

ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். ஒருவர் தண்ணீர் குடிக்கிறார்.

"காபி" என்கிறார் ஓரத்தில் இருப்பவர். இதுவரை வாய் திறக்காதவர். எல்லோரும் பலகையைப் பார்க்கிறார்கள். பேனா மூடியே இருக்கிறது.

1403-ல் பின்னால் வந்த என்1 மாடல், என்கிறார். தாள் தீர்ந்தால் அதன் மூடி தானாகத் திறக்கும். இரண்டு உள்ளங்கைகளையும் மெல்ல மேலே தூக்குகிறார். மேலே வைத்த கோப்பை சரியும்.

பேனா திறக்கிறது. காபி குறிப்பில் ஏறுகிறது.

இப்போது எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள். யாரோ பழைய அச்சுத் தாளை விரிக்கிறார். மூன்று பேனாக்காரர் நகத்தை ஓர் எழுத்தின் அடியில் வைக்கிறார். சுத்தியல் முந்தினாலும் பிந்தினாலும் எழுத்து பக்கவாட்டில்தான் நகரும். வரி கோணாது. நகம் தாளின் மறு ஓரம் வரை போகிறது.

"சுத்தியலை எப்படிச் சரிசெய்வீர்கள்?" இளம்பெண் கேட்கிறாள். மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொல்கிறார்கள். அவள் ஒவ்வொருவரையும் திரும்பச் சொல்லச் சொல்கிறாள். சொல்கிறார்கள்.

நான்கு பக்கம் எழுதியாகிவிட்டது. நான்கிலும் பிரின்டர் மட்டும்தான். நாளை அதன் மூடியைத் திறந்து பழுது பார்க்கப் போகிறவருக்கு வேண்டியது அதுதான்.