கதியாலைப் பிடுங்கினால் தூதுவளை எங்கே போகும்?

எங்கட ஒழுங்கையில் இப்ப வேலி இருக்கிற வளவுகள் குறைவு. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்ற இடமெல்லாம் சீமெந்துக் கல்லு மதில். வெளிநாட்டில் இருந்து காசு வந்தால் முதலில் எழும்புறது அதுதான். மதிலை நாங்கள் குறை சொல்ல ஏலாது. வேலி அடைக்க ஆள் பிடிக்கிற பாடு அப்பாவுக்குத்தான் தெரியும். ஆனால் வேலி போகேக்க அது தனியப் போறதில்லை. முசுட்டை, குறிஞ்சா, மொசுமொசுக்கை, தூதுவளை எல்லாம் ஒருத்தரும் நடாமல், ஒருத்தரும் தண்ணி ஊத்தாமல், அந்தக் கதியால்களைப் பிடித்துக்கொண்டுதான் வாழ்ந்தவை. யாருடைய எல்லை எண்டு பார்க்காமல் போற வாற ஆக்கள் ஆய்ந்துகொண்டு போவினம்.

போன வருசம் எங்கட தெற்கு வேலிக்கும் முடிவு வந்தது. பக்கத்து வளவு மாமா பாதிக் காசு போட ஒத்துக்கொண்டார், அப்பாவும் ஓமெண்டிட்டார். அம்மம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப என்ர தூதுவளை?"

மாரி தொடங்கினால் அவவுக்கு நெஞ்சில் சளி கட்டும். அந்தக் காலம் முழுக்கக் கிழமைக்கு இரண்டு நாளாவது தூதுவளைச் சம்பலோ ரசமோ வேணும். சித்த மருத்துவத்தில் இருமலுக்கும் சளிக்கும் இதைக் காலங்காலமாகப் பாவிக்கினம். சிங்கள ஆக்களும் வெல் திப்பட்டு எண்டு இதை அறிவினம். அதுக்காக இதுவே மருந்து எண்டு கதைவிட நாங்கள் வரவில்லை; மூச்சு இழுத்தால் அம்மம்மாவை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு ஓடுறனாங்கள். ஆனால் அந்தச் சம்பல் இல்லாட்டி அவ சோத்தில் கை வைக்கிறதில்லை. அது வேற பிரச்சினை.

மேசன் வர ஒரு மாதம் இருந்தது. தூதுவளைப் பழம் காயாக இருக்கேக்க பச்சையில் வெள்ளைக் கோடு, பழுத்தால் நல்ல சிவப்பு. பழுத்ததைப் பிசைந்து, சாம்பலோடு பிரட்டி, நிழலில் காயவிட்டு விதை எடுத்தோம். விதையை மட்டும் நம்பிக்கொண்டு இருக்க மனம் வரவில்லை. பென்சில் தடிப்பில் முற்றின தண்டாகப் பார்த்து, சாண் நீளத்தில் பன்னிரண்டு வெட்டி, இலையைக் கழற்றி, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரிச் சரித்து நட்டோம். ஓட்டை போட்ட பழைய பெயின்ற் வாளிகள். செம்மண், மணல், உக்கின மாட்டெரு. ஐந்து துளிர்த்தது. மற்ற ஏழும் கறுத்துப்போச்சு.

வெயில் படுகிற, தண்ணி தேங்காத இடம்தான் இதுக்குச் சரி. கிணத்தடி வாய்க்கால் ஓரம் வாழைக்கு நல்லது, தூதுவளைக்கு வேர் அழுகிப்போகும். இதுக்குச் சுருள்கை கிடையாது. வளைந்த முள்ளைக் கொளுவிக்கொண்டுதான் ஏறும், அதனால் வழவழப்பான கம்பியைக் கொடுத்தால் சறுக்கி விழும். பிடுங்கிப் போட்ட கிளுவைக் கதியாலில் இரண்டை நட்டுக் கொடுத்தோம். அதுகளும் துளிர்த்திட்டுது!

பெரிய தொல்லை புள்ளி வண்டு. கத்தரியைத் தின்கிற அதே வண்டுதான், தூதுவளையும் கத்தரிக்குச் சொந்தக்காரன்தானே. பச்சையை அரித்து இலையை வலை மாதிரி ஆக்கிப்போடும். விடிய எழும்பி இலையைப் பிரட்டி, மஞ்சள் முட்டைக் கூட்டத்தை நசுக்குறதுதான் எங்கட வைத்தியம். இலையின் அடியிலும் முள். தம்பியின் விரலைப் பார்த்தால் தெரியும்.

2022இல் சாமான் தட்டுப்பாடு வந்தபோது, வீட்டுத்தோட்டம் செய்யுங்கோ எண்டு அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தவை. ஊரெல்லாம் வெண்டி, கத்தரி, பயிற்றை நட்டது. வேலியில் சும்மா கிடந்த இலையைத் தோட்டம் எண்டு ஒருத்தரும் எண்ணவில்லை. உரமும் எண்ணெயும் இல்லாத அந்த நாளில் அதுதான் எந்தக் குறையும் இல்லாமல் நின்றது.

சம்பலுக்கு நடு நரம்பு முள்ளைக் கத்தரிக்கோலால் சீவி, நல்லெண்ணெயில் சுருள வதக்கி, செத்தல், உள்ளி, பழப்புளி, தேங்காய்ப்பூவோடு அம்மியில் அரைக்க வேணும். மிக்சியில் அடித்தால் அம்மம்மா கண்டுபிடிச்சிடுவா.

இப்ப மதில் முடிந்து பூச்சும் பூசியாச்சு. எங்கட கொடி கிளுவையில் ஏறி, மதில் தலைப்பைத் தாண்டி மாமா வளவுக்குள் தொங்குது, ஊதாப் பூவோடு. மாமி அங்கால நிண்டு ஆயுறா. "நுனியை மட்டும் ஆய் பிள்ளை, தண்டை முறிச்சுப்போடாத" எண்டு அம்மம்மா இங்கால நிண்டு சத்தம் போடுறா.