பதினைந்து அடித் தூரம்

அருப்புக்கோட்டையில் அஸர் தொழுகைக்குப் பின் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்குகிறோம். திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து வரும் தம்பி ஒருவன், வளையத்தடியில் யாருக்கும் அசையான். பதினைந்து அடித் தூரத்து ஃப்ரீ த்ரோவிலோ பத்துக்கு மூன்று விழுந்தாலே அதிகம்.

எதிரணிகள் இதைக் கண்டுகொண்டன. ஒரு கால்பகுதியில் ஐந்தாவது தவறிலிருந்து இரண்டு எறிதல்கள் கிடைக்கும். ஆகவே அவனையே பிடித்தார்கள். பந்துக்கு முயலாத தவறென நடுவர் கண்டால் எறிதலோடு பந்தும் நமக்கே. ஆயினும் பந்தைத் தட்டுவதுபோல் பாவனை செய்பவரின் நிய்யத்தை நடுவர் எவ்வாறு அறிவார்?

கடைசிக் கால்பகுதி முழுதும் அவனை வெளியே அமர்த்தினோம். ஒருநாள், "அத்தா வேலை முடித்து வரும்போதெல்லாம் நான் உட்கார்ந்தே இருக்கிறேன்" என்றான். பதில் சொல்ல நாவெழவில்லை.

1997 டிசம்பரில் டல்லாஸ் பயிற்சியாளர் டான் நெல்சன், சிகாகோவின் டென்னிஸ் ராட்மேனைப் பிடிப்பதற்கென்றே பப்பா வெல்ஸை இறக்கினார். வெல்ஸ் மூன்றே நிமிடங்களில் ஆறு தவறுகளுடன் வெளியேறினார், ராட்மேன் 12 எறிதல்களில் 9 போட்டார், சிகாகோ வென்றது.

அதன்பின் எதிரணியின் தவறுகளை எண்ணத் தொடங்கினோம். நான்கு ஆகும்வரை அவன் களத்தில், பிறகே ஓய்வு, அடுத்த கால்பகுதியில் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும்போது மீண்டும் உள்ளே. மஃரிபுக்கு முன் தினமும் ஐம்பது எறிதல்கள்.

சென்ற ஆட்டத்தின் இறுதி நிமிடத்தில் அவனை எடுக்கவில்லை. இரண்டில் ஒன்றே விழுந்தது; ஒரு புள்ளியில் தோற்றோம். வேலியோரம் அவன் அத்தா நின்றிருந்தார். வெற்றி மட்டுமன்று, பிள்ளையின் மனமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே.