ஐந்நூறு ரூபாய் ஓலை

வண்டியைக் கூடாத இடத்தில் நிறுத்தினால் அபராத ஓலை இப்போது கைபேசிக்கே வந்து விடுகிறது. சென்ற மாதம் என் மனைவிக்கும் ஒன்று வந்தது.

"கட்டித் தொலைத்து விடுவோம். ஐந்நூறு ரூபாய்க்காகக் கோர்ட்டுப் படி ஏறுவார்களா?" என்றேன். நம்மில் பலரும் சொல்வதுதான்.

"அந்தத் தெருப் பக்கமே நான் போகவில்லையே!" என்றவள், ஓலையோடு வந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். கறுப்பு மோட்டார் சைக்கிள்! எங்களுடையதோ பச்சை ஸ்கூட்டர். நம்பரில் இருந்த 3-ஐ யாரோ 8 என்று வாசித்திருக்கிறார்கள்.

"தொகை சிறிசுதானே?" என்று இழுத்தேன்.

"கட்டிவிட்டால் முதல் குற்றம் என் பேரில் பதிவாகிவிடும். அடுத்ததற்கு 1,500!"

சட்டத்தைப் புரட்டினேன். அவள் சொன்னது சரி. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 177-ஆம் பிரிவு: முதல் தடவைக்கு 100 ரூபாய் வரை, மறுதடவைக்கு 300 வரை என்று இருந்தது. 2019-இல் திருத்தி, அவற்றை 500, 1,500 ஆக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலாயிற்று.

ஆர்.சி. புத்தகத்தின் நகலையும் ஸ்கூட்டரின் படத்தையும் சேர்த்து, நாலே வரியில் ஆட்சேபம் எழுதி அனுப்பினாள். கெஞ்சல், கோபம் ஒன்றும் கிடையாது. பதினோராம் நாள் ரத்தாயிற்று.

அந்தக் கறுப்பு மோட்டார் சைக்கிள்காரருக்கு இன்னமும் சங்கதி தெரியுமோ, தெரியாதோ!