ஆற்காட்டு டிராப் ஷாட்

ஆற்காடு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மக்கன் பேடாவா? கொஞ்சம் தள்ளிப் போனால் கிடைக்கும் ஆம்பூர் பிரியாணியா? எனக்கு இனிமேல் டிராப் ஷாட்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், காரணத்தைச் சொல்கிறேன்.

பாலாற்றின் தென்கரையில், ஆற்காட்டில், டெல்லி கேட் என்ற பழைய கோட்டை வாசல் நிற்கிறது. 1751-ல் சந்தா சாகிபு பெரும் படையோடு திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டிருந்தார். அங்கே போய் மோதாமல், கிளைவ் சுமார் 500 பேருடன் இந்த ஆற்காட்டில் வந்து புகுந்துகொண்டான். சந்தா சாகிபு தம் படையில் ஒரு பகுதியைப் பிரித்து இங்கே விரட்ட வேண்டியதாயிற்று. எதிராளி பின்னால் பலமாக நிற்கும்போது, முன்னால் காலியாக இருக்கும் இடத்தில் மெல்லத் தட்டுவது! டிராப் ஷாட் என்பது வேறென்ன?

பாலத்தைக் கடந்தால் வடகரையில் ராணிப்பேட்டை. தோல் பதனிடும் ஊர் என்பதை யாரும் சொல்ல வேண்டாம், காற்றே சொல்லிவிடும். அங்கேதான் என் பெரியம்மா வீடு. வயது 68. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த நாள் முதல் பூப்பந்து ஆடுகிறவள். முழங்காலில் வலி வந்ததிலிருந்து வீட்டில், "போதும், மட்டையைப் பரணில் போடு" என்று ஒரே நச்சரிப்பு.

நான் போன அன்று மாலை ஒரு பந்தயம். காலேஜில் படிக்கும் பேரனோடு ஓர் ஆட்டம். தோற்றால் மட்டை பரணுக்குப் போய்விடும்!

பையன் அடித்த அடி ஒவ்வொன்றும் இடி. பெரியம்மாவோ நின்ற இடத்தை விட்டு அதிகம் அசையவில்லை. பலமாக அடிக்கப் போகிறவள் போல மட்டையை ஓங்குவாள். பையன் பின்னால் போய் நிற்பான். கடைசி நொடியில் விரல்களைத் தளர்த்தி ஒரு சின்னத் தட்டு. 5 அடி உயர வலையை உரசினாற்போலத் தாண்டி, பூப்பந்து 'பொத்'தென்று விழும்.

"பாட்டி, கொஞ்சம் ஓடி ஆடேன்!"

"ஓடறது உன் வேலைடா, கண்ணா. ஓட வைக்கிறது என் வேலை!"

ரகசியத்தைக் கேட்டேன். "முரட்டுத் தோலை மெதுவாக்குகிற ஊரில் இருந்துகொண்டு, கையை மெதுவாக்கத் தெரியாதா?" என்றாள்.

டென்னிஸிலும் இதே வித்தைதான். அங்கே மட்டையின் முகத்தைச் சற்று வானம் பார்க்கத் திருப்பி, பந்தின் அடியை வருடிவிட வேண்டும். பின்சுழற்சியோடு விழும் பந்து அதிகம் எழும்பாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: உங்கள் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு இதைச் செய்யாதீர்கள். பந்து போய்ச் சேருவதற்குள் எதிராளி வந்து சேர்ந்துவிடுவார்!

டென்னிஸ் என்றதும் இன்னொரு ராணிப்பேட்டைப் பெண்மணியைச் சொல்ல வேண்டும். 1870-ல் இங்கே பிறந்து, 1918-ல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர்தான் அவர். டென்னிஸில் அவருக்கு அத்தனை பிரியம். 65 வயதில் ஒரு போட்டிக்குப் போனாராம். எதிரே நின்ற இளவட்டம், "பாட்டியோடா ஆடுவது!" என்று அலுத்துக்கொண்டதாம். அந்த இளவட்டத்துக்கு டாக்டர் ஒரு 'கேம்' கூடக் கொடுக்கவில்லை என்று சொல்வார்கள்.

எங்கள் பந்தயத்துக்கு வருவோம். பையன் கெட்டிக்காரன், பாதி ஆட்டத்தில் சூட்சுமம் புரிந்து, வலையருகிலேயே காத்திருக்கத் தொடங்கினான். பெரியம்மா மறுபடி மட்டையை ஓங்கினாள். அவன் முன்னால் பாய்ந்தான். இந்தத் தடவை பூப்பந்து அவன் தலைக்கு மேலாக உயரப் போய், பின்கோட்டருகே இறங்கியது! டிராப் ஷாட்டின் பலன் அது விழும் இடத்தோடு முடிவதில்லை, பார்த்தீர்களா? அதற்குப் பயந்து எதிராளி விட்டுவிட்டு வரும் இடமும் நமக்குத்தான்.

ஆட்டம் 21-18. பையன் மூச்சு வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டான். பெரியம்மா காபி போட உள்ளே போனாள்.

மட்டை? கூடத்து ஆணியில் பழையபடி தொங்குகிறது.